கப்பலிலும் சீனியாரிட்டி

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் கேன்டீன் மேசைகூடப் பதவி பார்த்துத்தான் போடப்பட்டிருக்கும். கம்பெனி செலவில் எங்களைக் குடும்பத்தோடு அந்தமானுக்குக் கப்பலில் சுற்றுலா அனுப்பியபோது, அறை ஒதுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு எந்த அறை வசதி என்று விசாரிக்கலாமா என்று கேட்டேன். எனக்கு எவ்வளவு கொழுப்பு!

"அதெல்லாம் எதுக்குப்பா? சீனியாரிட்டிப்படி போடு. மேல்மாடி மேனேஜருங்களுக்கு," என்றார் பெர்சனல் மேனேஜர். எங்களில் யாரும் அதுவரை கப்பலைப் பார்த்ததில்லை. ஆனாலும் மேலே இருப்பதுதான் உசத்தி என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. அவருக்கு உச்சித் தளத்தில் முகப்பு அறை. பர்கூர், ஊத்தங்கரைப் பக்கத்துத் தொழிலாளிகள் பிள்ளைகுட்டிகளோடு கப்பலின் அடிவயிற்றில்.

மறுநாள் கடல் பொங்கியது. மேலே போகப் போக ஆட்டம் அதிகம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கீழே பிள்ளைகள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் தாயம் ஆடின. மேலே மேனேஜர்களின் பிள்ளைகள் பதவி வித்தியாசம் பாராமல் வாந்தி எடுத்தன.

மாலைக்குள் பெர்சனல் மேனேஜர் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும், பக்கெட்டும் கையுமாகக் கீழே இறங்கி வந்தார். ஃபிட்டர் ஒருவரின் மனைவி, "வாங்க சார், கொழந்தைங்கள இங்க படுக்க வைங்க," என்று தங்கள் படுக்கைகளை விட்டுக்கொடுத்தார். நால்வரும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்கள். நன்றி சொன்னாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஊர் திரும்பி வேலைக்கு வந்த முதல் நாளே என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவயாச்சும் ரூம ஒழுங்கா போடுப்பா. அடியில இருக்கறதெல்லாம் மேனேஜருங்களுக்கு. சீனியாரிட்டிப்படி."