மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை

விமான நிலையத்தில் பதின்மூன்று வருஷம் பயணிகளின் பெட்டிகளை எடை போட்டுச் சீட்டு ஒட்டி அனுப்பியவள் நான். எங்கள் கோலசிலாங்கூர் தோட்டத்து ஜனங்களில் ஒருவர் இந்தியாவுக்குப் போனால், வழியனுப்ப இருபது பேர் வேனில் வந்து இறங்குவார்கள். பெட்டியில் மைலோ டின்னும் தைலமும் பிதுங்கும். "நம்ம தங்கச்சி கௌண்டருக்குப் போங்க லா" என்று என் வரிசையில்தான் நிற்பார்கள். எடை கூடினால் திட்டுவேன். திட்டிக்கொண்டே எதைக் கைப்பைக்கு மாற்றலாம் என்றும் சொல்வேன்.

பிறகு மிஷின்கள் வந்தன. "வெளிய வந்து நில்லுங்க, ஜனங்களுக்குப் பழக்கிவிடுங்க" என்றார்கள். நானும், மடச்சி, சிரித்த முகமாகப் பழக்கிவிட்டேன். இங்கே தட்டுங்க, பாஸ்போர்ட்ட இப்படி வைங்க. எல்லோரும் பழகியதும் கௌண்டரை மூடி, ஆட்குறைப்பு என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

அதன்பின் வீடு ஓடியது கணவரின் சம்பளத்தில். அவரும் அங்கேதான், கார்கோ பக்கம். லோரியில் வரும் சரக்கை எடை பார்த்துப் பதிகிற கௌண்டர். "பயணிங்க பக்கம்தான் ஆளக் கொறைக்கிறானுங்க. ஜனங்க ஆன்லைன்ல சாமான் வாங்குற வரைக்கும் கார்கோவுக்கு அழிவே இல்ல" என்பார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் என்னை நேர்காணலுக்குக் கூட்டிப்போனார்.

அதிகாரி நம்ம ஆள்தான், என் தம்பி வயது. ஏஜென்ட் மூலம் ஒப்பந்த வேலை, பழைய சர்வீஸ் கணக்கில் வராது என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அப்புறம்தான் சிரித்தார்.

"அக்கா, ஒங்க எக்ஸ்பீரியன்ஸ்தான் எங்களுக்கு வேணும். சரக்கு எடை பாக்குற கௌண்டர்லயும் மிஷின் வருது. லோரிக்காரங்களே தட்டிட்டுப் போயிடலாம். நீங்க பக்கத்துல நின்னு பழக்கிவிடணும், அவ்ளோதான் லா."

"கௌண்டர்ல இருக்கிறவங்க?"

"அத மேலிடம் பாத்துக்கும்."

மேலிடமாம், மேலிடம்! எந்த மேலிடம் வந்து என் அடுப்பில் உலை வைத்தது? அந்தக் கௌண்டரில் இருப்பவர் என் புருஷன், நாசமாய்ப் போக உங்கள் மிஷின் என்று கத்தியிருக்க வேண்டும். "யோசிச்சு சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

காரில் ஏறியதும் கணவர் கேட்டார். "கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு. ஒங்க கௌண்டர்ல மிஷின் வைக்கிறானுங்க. லோரிக்காரங்களுக்கு அத நான் பழக்கிவிடணுமாம்."

அவர் வண்டியை எடுத்தார். புஞ்சாக் ஆலாம் சிக்னலில் நின்றபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ வேணாம்னா வேற ஒருத்தி வந்து பழக்கிவிடுவா. அந்தச் சம்பளமாவது நம்ம வீட்டுக்கு வரட்டும்."

அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.