தரை தட்டிய படகு

“காட்டைச் சுத்திக் காட்டுறதுக்கு ஒரு டிகிரியா?” என்று சித்தப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைத்ததும் தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஒருநாள் பயிற்சிக்கு வந்தவர்களைப் படகில் ஏற்றி, வரைபடத்தைப் பார்த்துக் குறுக்கு வாய்க்காலில் போகச் சொன்னேன். படகுக்காரர் தண்ணீரை ஒருமுறை பார்த்துவிட்டுப் படகைத் திருப்பினார். கடல் நீர் வடியும் நேரம் அது; படகு சேற்றில் தட்டி நின்றது, சாயங்காலம்வரை வெயிலில் கிடந்தோம்.

“தண்ணி வத்துறது தெரியும்ல, ஏண்ணே சொல்லல?”

“படிச்சவங்க சொல்றீங்க. நான் எதுத்துப் பேசலாமா மேடம்?”

அவரைத்தான் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் போனது. உண்மையைச் சொன்னால் என் வேலையும் போகலாம். ஆனாலும் தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இன்று காலை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.