தோல்தான் ஆறியிருக்கிறது

எங்கள் அக்காவின் காரியத்துக்கு இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் தங்கையாகிய நான் கைகூப்புகிறேன். சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்முன் இந்த நினைவு மலரில் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். முக்கியமாக எங்கள் தாய்மாமா படிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது சூலூரில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அம்மாவும் மாமாவும்தான் அக்காவைக் கோயம்புத்தூரில் இயற்பியல் படிக்கவைத்தார்கள். கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்றில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, வீட்டு மாடியிலேயே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்றவர்களே பிறகு அவரிடம் பொருள் வாங்கினார்கள். பிடிவாதத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை.

அவர் செய்தது உள்ளங்கைக்குள் அடங்கும் மெல்லிய தகடு. ஒரு சுவர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அல்ல, அந்தச் சுவரைத் தாண்டி எவ்வளவு சூடு ஓடிவருகிறது என்பதை அது அளக்கும். இரண்டு வகை உலோகங்களை மாறிமாறி இணைத்து, ஒரு இணைப்பு தகட்டின் மேல்முகத்திலும் அடுத்தது கீழ்முகத்திலும் வருமாறு சுற்றுவார். இரு முகங்களின் சூட்டு வித்தியாசத்தால் ஒவ்வொரு ஜோடியிலும் துளி மின்னழுத்தம் பிறக்கும். ஒரு ஜோடியால் ஒன்றும் ஆகாது, வரிசையாக நிறையச் சேர்ந்தால்தான் மீட்டரில் தெரியும். தகட்டைத் தடிமனாக்கினால் வித்தியாசம் கூடுமே என்று ஒருமுறை கேட்டேன்.

"தடிச்சாத் தகடே கம்பளி போத்துன மாதிரி ஆயிருமே கண்ணு. அளக்கப் போனவனே வழிய மறிச்சு உக்காந்துட்டா, அப்புறம் என்னத்த அளக்கறது?" என்று சிரித்தார். மெலிதாகவும் இருக்க வேண்டும், இணைப்புகளும் நிறைய வேண்டும். அந்த இழுபறியிலேயே அவருடைய பாதி ஆயுள் போனது.

பெருந்துறையில் மாமாவின் ஃபவுண்டரியில், அலுமினியம் உருக்கும் உலையின் வெளிச்சுவரில் அக்கா ஒரு தகட்டை ஒட்டியிருந்தார். இந்த வருடம் அது காட்டும் அளவு மெல்ல மெல்ல ஏறியது. உள்ளே சூடு தாங்கும் செங்கல் தேய்கிறது, என்றைக்காவது உருகிய உலோகம் இரும்புச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும் என்றார். மாமா நம்பவில்லை.

"ஏனம்மணி, தெர்மாமீட்டர்ல முன்னைக்கு இப்பச் சூடு கம்மியாத்தான காட்டுது? உம்பட தகடுதான் கெட்டுப்போச்சு."

"ஆளுக வெக்கை தாங்காம ஃபேன உலை மேலயே திருப்பி உட்டிருக்காங்க மாமா. அதுல தோலுதானுங்க ஆறியிருக்குது. உள்ள இருந்து வர்ற சூடு கூடிட்டேதான் இருக்குதுங்க."

"ஆர்டர் முடியட்டும், பாக்கலாம் போ."

அந்த வாக்குவாதம் தீரும்முன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு பெருந்துறைக்கும் சூலூருக்கும் பஸ்ஸில் அலைந்தார். நாங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம், ஜில்லென்று இருக்கும். காய்ச்சல் விட்டது என்று நாங்களும் நம்பினோம், அவரும் நம்பினார். ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் உடம்பிலேயே ஏமாந்துபோனாரே என்று நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. மருத்துவமனையில் சேர்த்தபோது இரண்டு நுரையீரலும் கெட்டிருந்தன. அவர் கடைசியாகக் கேட்டது, "மாமா உலைய நிறுத்திப்போட்டாரா கண்ணு?"

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. மாமா, தாய்மாமனாக முன்னின்று எல்லாம் செய்தீர்கள். துக்கத்துக்காக உலையையும் அணைத்தீர்கள். அதற்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன்.

ஆனால் நாளைக் காலை அதை மீண்டும் பற்றவைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தேய்ந்த செங்கல் ஆறும்போது சுருங்கி விரிசல் விடும். அந்த விரிசலில் உலோகம் இறங்கும். உலை முன்னால் நிற்கப்போகிறவர்களில் பாதிப்பேர் இன்று இந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் அச்சிலேயே போட்டேன்.

அக்கா கடைசியாகக் கேட்டதற்கு இனி நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். செங்கலை இடித்துப் புதிதாகக் கட்டும்வரை நெருப்பு வைக்காதீர்கள் மாமா. அடுத்த வீட்டில் இப்படியொரு மலர் அச்சடிக்க வேண்டாம்.