தானாகத் திரும்பிய கேமரா

அவர் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வலப் பக்கத்தை முடக்கிவிட்டது; பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. அதற்கு முன் லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். பொத்தான் போட உதவப் போனால் முறைப்பார். போகமாட்டேன்.

வெளியூரில் இருக்கும் மகள் அப்பாவைப் பார்ப்பதற்காகக் கட்டிலுக்கு எதிரே, போனிலிருந்தே திருப்பக்கூடிய ஒரு கேமரா இருந்தது. உடம்பு துடைக்கும்போது அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவேன். அன்று சட்டையைக் கழற்றி முதுகைத் துடைக்கையில், "திரும்புது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கேமரா மெல்ல எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

துண்டை அவர்மேல் போர்த்தி, கேமராவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மகளைப் போனில் பிடித்தேன்.

"ஏம்மா, இந்த நேரத்துலயா பாக்கணும்?"

"ஐயோ ஆன்ட்டி, நான் பஸ்ல நிக்கிறேன். அதைத் தொடவே இல்ல!" சற்று யோசித்தாள். "தப்பு என்னோடதுதான். நெட் போனா இங்கிருந்தே சரி பண்ணலாம்னு ரவுட்டரை வெளியிலேருந்து இயக்குற வசதியைத் திறந்து வச்சேன். பாஸ்வேர்டையும் மாத்தல."

வீட்டுக்கு நெட் தரும் அந்த ரவுட்டர், சோற்று டப்பா அளவுப் பெட்டிதான். அதன் வழியே முகம் தெரியாத ஒருவர் பூட்டிய வீட்டுக்குள் கட்டில்வரை வந்திருக்கிறார். எத்தனையோ நோயாளிகளைப் பார்த்தவள் நான். அந்தப் பெட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன்.

"எல்லாத்தையும் தூக்கிக் குப்பைல போடுங்கக்கா" என்றார் சமையலறையிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி.

அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "மக... பாக்கணும்."

பஸ்ஸிலிருந்து இறங்கிய மகள் போனில் சொல்லச் சொல்ல, மனைவி டேப்லெட்டில் அந்த வெளிவழியை அடைத்தார். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தார். கேமராவின் பழைய அமைப்புகளை அழித்துப் புதிதாக அமைத்தார். ரவுட்டருக்குப் புது பாஸ்வேர்டு கேட்டபோது, தானே போடுவதாகக் கட்டிலில் இருந்த அவர் இடது கையை நீட்டி டேப்லெட்டை வாங்கினார்.

"எனக்குக் கூடச் சொல்ல மாட்டீங்களா? நல்லாருக்கு நம்ம குடும்பம்!" என்றார் மனைவி.

பாதி வாயால் சிரித்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார். உறுதிசெய்ய மறுபடி கேட்டபோது ஓர் எழுத்து பிழையாகிவிட்டது. முதலிலிருந்து தொடங்கினார். நெற்றி வியர்த்தது. கடைசியில் பெட்டி ஏற்றுக்கொண்டது. தன் வீட்டு வாசலை ஒரே விரலால் சாத்திய மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலை கேமராவைச் சுவர் பார்க்க வைத்து, மூவரும் டீ குடித்தபடி அதையே கவனித்தோம். அசையவில்லை. அதன் பிறகும் நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அவர் உடம்பைத் துடைக்க வெந்நீர் எடுத்துவரப் போனேன்.