லெம்பி ஹில்லா பறிக்கும் இடம்

அந்தக் கோடையில் வடகோடிப் பனிக்காட்டு ஊரான கொர்பிவாராவின் கொசுக்கள் இரண்டு சேர்ந்தால் ஒரு கலைமான் கன்றைத் தூக்கிக்கொண்டு போகும் அளவுக்குக் கொழுத்திருந்தன. ஆனாலும் தைமியை அதிகம் கடித்தது பக்கத்து வீட்டு லெம்பிதான். கொசுக்கடிக்குத் தைலம் இருக்கிறது. கூட அடிபட்டவள் முதலில் குணமாகிவிட்டால் எதைத் தடவுவது?

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு, தேவாலயப் பாடகர் குழுவின் வேன் பனியில் சறுக்கிக் காட்டுக்குள் பாய்ந்தது. ஓட்டி வந்த, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் அங்கேயே உயிரை விட்டார். பின்னிருக்கையில் நசுங்கிக் கிடந்த தைமியும் லெம்பியும், ஆள் வந்து எடுக்கும்வரை இரண்டு மணி நேரம் பைன் மரங்கள் கிறீச்சிடுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலும்புகள் ஒட்டிக்கொண்டன. தைமிக்குப் பாட்டு மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. முதல் வரிசையில் முப்பது வருடம் நின்றவள், கிளை அசைந்தாலே ஜன்னலைச் சாத்தினாள். சிறுவயதிலிருந்து சுற்றித் திரிந்த காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

லெம்பியோ ஆறே மாதத்தில் பாடப் போய்விட்டாள். அதுவும் தைமி நின்ற இடத்தில். அதுவும் சுருதி இறங்கிய அந்தக் குரலை வைத்துக்கொண்டு. ஜூலை கடைசியில் ரப்பர் பூட்ஸ் மாட்டி, வாளியை ஆட்டிக்கொண்டு சதுப்புக்கு, அங்கே மட்டும் அபூர்வமாய் விளையும் ஹில்லாப் பழம் பறிக்கப் போவாள். மதியம் வாளி நிறைய ஆரஞ்சு நிறத்தோடு திரும்புவாள். பழம் யாருக்கு வேண்டும்? போகும்போது சுண்டியிருந்த முகம் வரும்போது தெளிந்திருந்ததே, அதில்தான் தைமிக்கு வயிறு எரிந்தது. அந்தச் சதுப்பில் ஏதோ மருந்து இருக்கிறது, அதை இவள் ஒருத்தியே அமுக்கிக்கொண்டாள் என்று முடிவுகட்டினாள்.

நேரே போய்க் கேளேன் என்றான் கணவன் உர்ஹோ, செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல். இவனோடா இத்தனை வருடம் வாழ்ந்தோம் என்று தைமி பார்த்தாள். அந்த ஊரில் ஒருத்தியின் வயதைக் கேட்கலாம், முதல் புருஷன் ஏன் ஓடினான் என்றுகூடக் கேட்கலாம். ஹில்லா எங்கே பறிக்கிறாய் என்று கேட்கக் கூடாது. பெற்ற மகளுக்கே சொல்லாமல் கண்ணை மூடியவர்கள் உண்டு. பின்தொடர்ந்து போவது அதைவிடக் கேவலம்.

வியாழக்கிழமை காலை தைமி புருஷனின் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்து போனாள். முன்னால் ஆடிய வாளியைத் தவிர அவள் கண்ணில் எதுவும் படவில்லை. மனநல மருத்துவர் ஒன்றரை வருடம் பாடுபட்டும் அவளை வேலி வரைதான் கொண்டுவர முடிந்தது. பொறாமை நாற்பது நிமிடத்தில் காட்டையே தாண்ட வைத்துவிட்டது.

சதுப்பின் ஓரத்தில் லெம்பி வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து ஒரு ஊளை விட்டாள் பாருங்கள், அங்கே மேய்ந்த கொக்குகள் எழும்பி அடுத்த மாவட்டத்தில்தான் இறங்கியிருக்கும். திகைத்துப்போன தைமி ஒரு அடி பின்வாங்க, பூட்ஸ் சேற்றில் புதைந்து சத்தம் போட்டது. லெம்பி திரும்பினாள்.

“பழத்தைத் திருடத்தானேடி வந்தே?”

“நீ எப்படிச் சரியானேன்னு பார்க்க வந்தேன்.”

“நான் சரியாயிட்டேன்னு உனக்கு யாரு சொன்னா? ரெண்டு வருஷமா ஊரே உனக்குச் சூப்பும் ரொட்டியும் சுமக்குது. எழுந்து நின்ன பாவத்துக்கு எனக்கு ஒரு பன்னுகூட வரலை. உன் வீட்டு முன்னால நிக்கிற சைக்கிளையெல்லாம் பார்த்துப் பார்த்து நான் வெந்துக்கிட்டிருக்கேன். வீட்டுல கத்த முடியாதுன்னுதான் இங்க வந்து கத்துறேன்.”

அந்த உப்புக் கரித்த மீன் சூப்பின் மேல் ஒருத்தி கண் வைத்திருப்பாள் என்று தைமி நினைத்ததே இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. ஈரப் பாசியில் உட்கார்ந்தாள். இன்னும் கத்த வேண்டியது பாக்கி இருக்கிறது, இருப்பதானால் இரு, போவதானால் போ என்று லெம்பி மறுபடி ஆரம்பித்தாள். அதே இறங்கிய சுருதி. தைமி ஒரு தரம் பொறுத்தாள். இரண்டாம் தரம் பல்லைக் கடித்தாள். மூன்றாம் தரம் முடியவில்லை.

“மேலே போடி. இன்னும் மேலே.”

எவ்வளவு மேலே என்று காட்ட வாயைத் திறந்தாள். வந்துவிட்டது. துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தாலும் சுருதி சுத்தம்.

அப்போதுதான் பைன் மரங்கள் கிறீச்சிடுவது தைமியின் காதில் விழுந்தது. எழுந்து ஓடப் பார்த்தாள். லெம்பி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தரம் காட்டு, சரியாகக் கேட்கவில்லை என்றாள். தைமி காட்டினாள். மதியம்வரை காட்டினாள். லெம்பிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

செப்டம்பர் ஒத்திகைக்கு இருவரும் நடந்தே போனார்கள், வண்டியில் ஏற இன்னும் தைரியம் வரவில்லை. முதல் வரிசை இடத்தை லெம்பி விட்டுத் தரவில்லை. தைமி பின்வரிசையில் நின்று, அவள் பிடரியை முறைத்துக்கொண்டே, ஒரு வரி விடாமல் பாடி முடித்தாள்.