பட்டறைக் கம்ப்யூட்டரும் பெரியப்பா வீட்டு அழைப்பும்

எண்பதுகளின் கடைசியில், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கி, புரோகிராம் எழுத என்னைச் சேர்த்தார்கள். அப்பா அரை மனதோடுதான் அனுப்பினார். தை பிறப்பதற்குள் முதலாளி என் வேலையை மெச்ச வேண்டும். இல்லையென்றால் அப்பா பரமத்தி வேலூர் மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிவிடுவார். மாப்பிள்ளைக்கு வெற்றிலைத் தோட்டம் நிறைய இருந்தது. எனக்கு வெற்றிலையே ஆகாது.

புரோகிராமைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து எழுதியிருந்தேன். மரவேலைக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, பெயிண்டுக்கு ஒன்று. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. எல்லாத் துண்டுகளுக்கும் லாரியின் அளவுகள் இருக்கும் துண்டு தேவை. காலையில் பொத்தானைத் தட்டினால், எல்லாம் ஒன்று கூடுவதற்குள் முதலாளி டீயும் குடித்து, பேப்பரும் படித்துவிடுவார்.

"ஏனுங்க அம்மணி, இது கெளம்பறதுக்குள்ள நம்ம வண்டி கரூரே போய்ச் சேந்துருமுங்க" என்பார். துண்டுகள் கூடக் கூடத் தாமதமும் கூடியது. தை நெருங்கியது.

கார்த்திகையில் அண்ணனுக்குக் கல்யாணம். அழைக்கப் போன வீட்டிலெல்லாம் முதல் கேள்வி, "பெரிய ஊட்டுக்குச் சொல்லிப்போட்டீங்களா?" பெரியப்பாவை அழைக்காத விசேஷத்துக்குச் சொந்தத்தில் யாரும் வர மாட்டார்கள். அப்பா முறை பிசகாதவர். ஒவ்வொருவர் கேட்கும்போதும் திரும்பவும் பெரியப்பா வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் வைத்தார். நான்காம் முறை பெரியப்பா கேட்டார்: "ஏன்டா தம்பி, அதே கல்யாணந்தானா, இல்ல பொண்ணு மாறிப்போச்சா?"

அம்மா பொறுமை இழந்தாள். "சொன்ன ஊட்டுக்கே எத்தன நடை நடப்பீங்க? சொல்லியாச்சுன்னுட்டு அடுத்த ஊட்டுக்கு வாங்க."

அந்தத் திட்டு எனக்கும் சேர்த்து விழுந்தது. அளவுத் துண்டை யார் கேட்டாலும் என் புரோகிராம் டிஸ்க்கை முதலிலிருந்து துழாவியது. கண்டுபிடித்ததை நினைவில் வைக்க நான் சொல்லவே இல்லை. மறுநாள் உட்கார்ந்து அதைச் சொல்லி வைத்தேன்.

அடுத்த காலை, முதலாளி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் திரை தயார். "பொட்டி கெட்டுப்போச்சுங்களா அம்மணி?" என்று பயந்தார். நன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.

மதியம் அப்பா வந்தார். என் சோற்றைத் தினமும் அவரேதான் கொண்டுவருவார். சோறு ஒரு சாக்கு. என்னைக் கண்காணிப்பதுதான் காரியம். முதலாளி அவரிடம், "உங்க புள்ள கெட்டிக்காரிங்க" என்றார். அப்பா திரையைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வேலூர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறேன் சாமி" என்றார். "நாளையிலிருந்து சோத்துப் போசிய நீயே எடுத்துக்கிட்டு வந்துரு. நான் வரல."

அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.