பொறுக்காமல் எடுத்த மீன்

மதியம் இரண்டு பத்துக்கு மகளின் செல்போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மீன் ஆய்வுக்குப் படகில் போனவள் பன்னிரண்டுக்கே திரும்பியிருக்க வேண்டும். சேலையூரிலிருந்து ஆட்டோ பிடித்துக் கோவளம் கரைக்கு ஓடினேன்.

அவளோடு வேலை செய்யும் தாடிக்காரர், வேறொரு படகின் வலையில் வந்த கானாங்கெளுத்திகளை ஒவ்வொன்றாக அளவுப் பலகையில் கிடத்தி, வாலை விரலால் நீவிவிட்டு நீளம் எழுதிக்கொண்டிருந்தார்.

"வந்துடும்க்கா. சும்மா நிக்காம கூடைலேர்ந்து எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது மீனில் நிறுத்தினார்.

"இன்னாக்கா, கொழம்புக்கா பொறுக்கறீங்க? கைக்கு வர்றதக் குடுங்க. பெருசாவே அளந்தா கடல் நல்லா கீதுன்னு பொய்க் கணக்கு வந்துடும்."

அவர் குரலில் கோபமில்லை, எனக்குத்தான் கூசியது. அப்புறம் குட்டிகள்தான் அதிகம் வந்தன. ஒன்றையும் அவர் விடவில்லை.

நான்கு மணிக்கு நனைந்த உடையோடு மகள் இறங்கினாள்.

"தண்ணி சூடாயிடுச்சும்மா. மீன் தள்ளிப் போயிடுச்சு, நாங்களும் பின்னாடியே போயிட்டோம்."